வளைகுடா பட்ஜெட் விமான நிறுவனத்தில் கோ-பைலட் வேலை: குடும்பத்தோடு போகலாமா?

கோவை_விமானி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இந்தியாவில் ஏர்பஸ் ஏ320 விமானம் ஓட்டும் கோ-பைலட் நான். வயது 31. மொத்தம் 2,300 மணி நேரம், அதில் 2,050 மணி நேரம் ஏ320. வளைகுடாவில் ஒரு பட்ஜெட் நிறுவனத்தின் நேர்முகத்திலும் சிமுலேட்டர் தேர்விலும் தேறிவிட்டேன். போன வாரம் வேலைக்கான கடிதம் வந்தது. பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம்.

சம்பளத்துக்கு அங்கே வருமான வரி இல்லை. அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, பறக்கும் மணி நேரத்துக்குத் தனிப் பணம் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். மாதம் 85 மணி நேரம் பறந்தால் இப்போது கையில் வருவதைவிட நன்றாகவே வருகிறது. பயிற்சிக்கு வாங்கிய கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. போனால் நான்கு வருடத்தில் அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். விடுப்புக்கு ஊர் வர டிக்கெட்டும் உண்டு.

மனைவி கோவையில் பல் மருத்துவர். மகளுக்கு 4 வயது. அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், அண்ணன் பார்த்துக்கொள்கிறார். குடும்பத்தைக் கூட்டிப்போவதா, முதல் வருடம் தனியாகப் போய்ப் பார்ப்பதா என்று முடிவு செய்ய முடியவில்லை. அங்கே பறப்பவர்கள் உண்மை நிலவரத்தைச் சொல்லுங்கள்.

மேகத்துக்கு_மேலே எழுதியது:

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 2017-இல் போட்ட விதிப்படி, வேலையை விட கேப்டன் ஒரு வருடம், கோ-பைலட் ஆறு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சேரும் தேதியை அதற்குத் தகுந்தபடி அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியை நம்பி ராஜினாமா கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, நிறுவனம் நிலைக்குமா என்பது. விஸ் ஏர் அபுதாபி 2021 ஜனவரியில் பறக்கத் தொடங்கி 2025 செப்டம்பரில் அங்கிருந்து முழுவதுமாகக் கிளம்பிவிட்டது. வெப்பத்தில் எஞ்சின் படும் பாடு, பிராந்தியப் பதற்றம், சில நாடுகளுக்குப் பறக்க அனுமதி கிடைக்காதது என்று காரணம் சொன்னார்கள். ஜூலையில் அறிவிப்பு, செப்டம்பரில் மூடல். அதே சமயம் ஏர் அரேபியா 2003-இலிருந்தும் ஃப்ளைதுபாய் 2009-இலிருந்தும் நிற்கின்றன. உங்கள் நிறுவனம் எந்த வகை என்று விசாரியுங்கள்.

இரவுப்பணி_கேப்டன் எழுதியது:

தம்பி, நேற்று டியூட்டிக்குக் கிளம்பும்போது உங்கள் கேள்வியைப் பார்த்தேன். பறந்து வந்து தூங்கி எழுந்து எழுதுகிறேன். எனக்குத் தூத்துக்குடி பக்கம். வளைகுடாவில் 14 வருடம், இரண்டு நாடுகள், இரண்டு பட்ஜெட் நிறுவனங்கள். எவை என்று கேட்காதீர்கள்.

நீங்கள் எழுதியதில் பாதி சம்பளக் கணக்கு. ரோஸ்டரை, அதாவது மாதப் பணி அட்டவணையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த வேலையில் நீங்கள் எப்படி வாழப்போகிறீர்கள் என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது. அதனால் அதைப் பற்றியே நிறைய எழுதுகிறேன்.

பட்ஜெட் நிறுவனத்தில் வெளியூரில் தங்குவது அபூர்வம். ஹோட்டல் செலவு, விமானம் நிற்கும் செலவு இரண்டையும் தவிர்க்க, கொண்டுபோன விமானத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும். நாங்கள் அதை டர்ன் என்போம். சென்னை டர்ன் எப்படி இருக்கும் என்று பாருங்கள். இரவு 9.45-க்குக் கிளம்பினால் இந்திய நேரம் 3.15-க்கு இறக்கம். 50 நிமிடத்தில் ஆள் இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருள் போட்டு, ஆள் ஏற்றித் திரும்பவும் ஓடுபாதை. இங்கே வந்து இறங்கும்போது காலை 7 ஆகப்போகிறது. வீட்டுக்குப் போய்ப் படுக்க 8.30. என் சொந்தத் தம்பியின் வீடு பல்லாவரத்தில், விமான நிலையத்திலிருந்து பத்து நிமிடம். அந்த வீட்டுப் பக்கமாக எத்தனை இரவு இறங்கியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு இரவுகூட அந்தப் படி ஏறியதில்லை.

திரும்பும் நான்கு மணி நேரம்தான் கடினம். அதிகாலை 2 முதல் 6 வரை உடம்பு என்ன செய்தாலும் தூக்கம் கேட்கும். அரபிக் கடல் முழுக்க இருட்டு. காபி ஒரு எல்லைவரைதான் உதவும். ஒரு இரவு என்றால் சமாளிக்கலாம். தொடர்ந்து மூன்று இரவு வந்தால், மூன்றாம் நாள் செக்லிஸ்ட்டில் ஒரே வரியை இரண்டு முறை படித்துக்கொண்டிருப்போம். 28 நாளில் 100 மணி நேரம், வருடத்தில் 900 மணி நேரம் என்று ஐக்கிய அரபு எமிரேட்ஸ் நாட்டில் சட்ட எல்லை இருக்கிறது. ஆனால் பகலில் பறந்த 100 மணி நேரமும் இரவில் பறந்த 100 மணி நேரமும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். உங்கள் உடம்புக்கு ஒன்றில்லை.

முதல் நிறுவனத்தில் ஒரு முறை சோர்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டு டியூட்டிக்குப் போகவில்லை. ரோஸ்டர் பிரிவிலிருந்து போன் வந்தது. "கேப்டன், உங்களுக்கு 24 மணி நேரம் ஓய்வு இருந்ததே?" இருந்தது. அன்று பகல் முழுக்க மேல்மாடியில் டிரில் போட்டு டைல்ஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் நான் கேட்ட விடுப்பு கிடைக்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருந்ததா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அடுத்த முறை எழுதிக் கொடுக்க கை தயங்கியது. அந்தத் தயக்கம்தான் ஆபத்து தம்பி. உங்களுக்கு அது வரவே கூடாது.

2016 மார்ச் 19-ஐ நீங்கள் பயிற்சியில் படித்திருப்பீர்கள். துபாயிலிருந்து போன போயிங் 737 ரஷ்யாவின் ரோஸ்தோவில் இறங்க முடியாமல் இரண்டு மணி நேரம் மேலேயே சுற்றி, இரண்டாவது முயற்சியையும் கைவிட்டு மேலேறும்போது விழுந்தது. அங்கே நேரம் அதிகாலை 3.42. இருந்த 62 பேரும் போய்விட்டார்கள். இருட்டில், முழு வேகத்தில் மேலேறும்போது விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறித் தூக்கிக்கொள்வதுபோல் உடம்பு நம்மை ஏமாற்றும். அதை நம்பிக் கையைக் கீழே அழுத்தினால் அவ்வளவுதான். விசாரணை அறிக்கை வெளியே கிடைக்கிறது. கிளம்பும் முன் முழுவதும் படியுங்கள். எந்த நிறுவனத்தையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் வரப்போவதும் அதே மாதிரி இரவுகளுக்குத்தான்.

கோடை வேறு கதை. ஜூலையில் குவைத்தில் மதியம் 48 டிகிரியில் கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றி வந்து சரிபார்க்கப் போவது கோ-பைலட்தான். தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் இறங்காதீர்கள். ஏ320-இல் பிரேக் வெப்பம் 300 டிகிரிக்கு மேல் இருந்தால் கிளம்பக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டீர்கள். இங்கே 40 நிமிட டர்னில் அது ஆறாமல் நின்று, கதவு மூடிய பிறகும் காத்திருப்போம். அதனால் இறங்கும்போதே யோசித்துத்தான் பிரேக்கைத் தொடுவோம். ஈராக் பக்கம் போனால் போலி சிக்னலால் ஜி.பி.எஸ். பொய் சொல்லும். 2023 செப்டம்பரிலிருந்து இது அதிகம். திரையில் விமானம் வேறெங்கோ இருக்கும். மலையே இல்லாத இடத்தில் மலை எச்சரிக்கை கத்தும். 2025 ஜூனில் இஸ்ரேல்-ஈரான் சண்டையால் பாதி வானத்தை மூடிய நாட்களில் எரிபொருள் கணக்கை நடுவானில் மூன்று முறை மாற்றினேன். இதிலெல்லாம் நீங்கள் நல்ல விமானி ஆவீர்கள். காத்மாண்டு ஒன்று போதும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,340 மீட்டர் உயரம், சுற்றிலும் மலை, குளிர்காலக் காலையில் மூடுபனி, இறங்க முறை வரும்வரை வானில் வட்டம். கேப்டனுக்குத் தனிப் பயிற்சி இல்லாமல் அங்கே அனுப்பமாட்டார்கள்.

காத்மாண்டு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும் முன் சிறப்புச் சரக்குத் தாள் ஒன்று கொடுப்பார்கள். அதில் சில நாள் எச்.யு.எம். என்று மூன்றெழுத்து இருக்கும். சடலப் பெட்டி என்று அர்த்தம். இங்கே வேலை செய்யப் போன பிள்ளை கீழே சரக்கறையில் திரும்பிப் போகிறான். மேலே இருக்கைகளில் அவனைப் போலவே நூற்றைம்பது பேர், கயிறு கட்டிய அட்டைப் பெட்டியும் கம்பளிப் போர்வையுமாக, இரண்டு வருடம் கழித்து வீடு போகும் சந்தோஷத்தில். காத்மாண்டு, டாக்கா, சென்னை எல்லாவற்றுக்கும் இப்படிக் கொண்டுபோயிருக்கிறேன். அந்த மூன்றெழுத்தைப் பார்த்த நாளில் நான் கூடுதல் மெதுவாக இறக்குவேன். விமானத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை, எனக்கு வேண்டும். பெரிய நிறுவனத்தில் இருக்கும் நண்பர்கள் லண்டன், சிட்னி படம் அனுப்புவார்கள். எனக்குப் பொறாமை வந்ததே இல்லை என்றால் அது இந்தப் பயணிகளால்தான். இறங்கும்போது கதவருகில் நின்று பாருங்கள். கேப்டன் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. 85 மணி நேரம் எல்லா மாதமும் வராது. விடுப்பு, மருத்துவம், சிமுலேட்டர் வந்த மாதம் குறையும். 2020 மார்ச்சில் பறப்பது நின்றபோது மணி நேரப் பணம் பூஜ்யம். கடன் தவணையை அடிப்படைச் சம்பளத்துக்குள் அடக்குங்கள். எமிரேட்ஸில் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கு: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள், அதற்கு மேல் 30 நாள். கேப்டன் ஆகத் தேவையான உரிமமான இந்திய ஏ.டி.பி.எல். இன்னும் வாங்கவில்லை என்றால் அதை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். இங்கிருந்து தேர்வுக்கு ஓடுவது பெரும் பாடு.

மஜாஸ்_வீட்டிலிருந்து எழுதியது:

தம்பி, நான் விமானி இல்லை, விமானியின் மனைவி. ஷார்ஜாவில் 9 வருடம். உங்கள் மனைவியிடம் இதைக் காட்டுங்கள்.

என் கணவர் காலை 8.30-க்கு வந்து படுப்பார். அப்போது வீட்டில் குக்கர் விசில் கூடாது, மிக்ஸி கூடாது, குழந்தை அழக் கூடாது. முதல் வருடம் இரண்டு அறை வீட்டில் இருந்து நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு முன் கடற்கரைப் பூங்காவில் போய் உட்கார்ந்திருப்பேன். வாடகை கொஞ்சம் கூடினாலும் படுக்கையறை ஒதுக்குப்புறமாக இருக்கும் வீடாகப் பாருங்கள். கறுப்புத் திரை முதல் நாளே வாங்குங்கள். வாடகைக்கு வரும் மாதங்களின் தேதி போட்ட செக்குகள் கேட்பார்கள், அதற்குக் கையில் பணம் வேண்டும்.

இங்கே பள்ளிக்கு 2022 முதல் வெள்ளி, சனி, ஞாயிறு விடுமுறை. அவருக்கு விடுமுறை செவ்வாய் வரும், புதன் வரும். அப்பாவும் மகளும் விழித்திருந்து ஒன்றாகச் சாப்பிடுவது வாரம் இரண்டு முறை இருந்தால் எங்களுக்கு நல்ல வாரம்.

2024 ஏப்ரல் 16 மழையில் எங்கள் தெருவில் பல நாள் தண்ணீர் நின்றது. அவர் வெளியூரில் மாட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு மலையாளி அக்காதான் சோறு கொடுத்தார். எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் மனைவிக்குத் தனக்கென்று நாலு பேர் வேண்டும். பல் மருத்துவர் என்றால் இங்கே உரிமத் தேர்வு எழுதி வேலை பார்க்கலாம். நீங்கள் முதலில் தனியாக வந்தால் அவர் அந்த நேரத்தில் படிக்கட்டும். அப்புறம் அவர் உங்கள் பின்னால் வந்தவராக இல்லாமல், வேலைக்கு வந்தவராக வருவார்.

கோவை_விமானி எழுதியது:

கேப்டன், அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. மனைவி இரண்டு முறை படித்தாள். உரிமத் தேர்வு பற்றி அவளே தேடத் தொடங்கிவிட்டாள்.

கேப்டன், கடிதத்தில் பயிற்சி பாண்ட் (முன்பே விலகினால் பயிற்சிச் செலவைக் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) மூன்று வருடம் என்று இருக்கிறது. அதைப் பற்றியும், ரோஸ்டர் பற்றியும் அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்? கேட்டால் வேலையைத் திரும்பப் பெற்றுவிடுவார்களோ என்று பயம். அப்பாவுக்கு ஏதாவது என்றால் ஓடி வர முடியுமா என்பதுதான் மனதை அரிக்கிறது.

இரவுப்பணி_கேப்டன் எழுதியது:

கேட்டதற்காக யாரும் திரும்பப் பெறமாட்டார்கள். பெற்றால் அந்த வேலை போனதே நல்லது.

பாண்ட் தொகை மாதாமாதம் குறைகிறதா, கடைசி நாள் வரை முழுத்தொகை நிற்கிறதா என்று பாருங்கள். நிறுவனமே உங்களை நிறுத்தினால் அது ரத்தாகும் என்ற வரி இருக்க வேண்டும். எனக்கு முதல் நிறுவனத்தில் அந்த வரி இல்லை. 2020-இல் ஆள் குறைத்தபோது சிலரிடம் பாக்கி கேட்டார்கள். நான் தப்பினேன், கூட இருந்தவர்கள் தப்பவில்லை.

ரோஸ்டருக்கு ஒரே ஒரு கோரிக்கை. உங்கள் அனுபவத்தில் இருக்கும் ஒரு கோ-பைலட்டுக்குப் போன மூன்று மாதம் என்ன கொடுத்தார்கள், கடைசியில் என்ன பறந்தார், இரண்டையும் பெயர் மறைத்துக் கேளுங்கள். முதல் தாள் எல்லா நிறுவனத்திலும் அழகாகத்தான் இருக்கும். இரண்டாவதில் தொடர் இரவுகளை எண்ணுங்கள். இரவிலிருந்து அதிகாலை டியூட்டிக்கு மாற்றும்போது நடுவில் எத்தனை நாள் என்று பாருங்கள்.

அப்பா விஷயம். தூரம் நான்கு மணி நேரம்தான், கோவைக்கு இங்கிருந்து நேரடி விமானமும் இருக்கிறது. தடை தூரத்தில் இல்லை, இடம் கிடைப்பதில். ஊழியர் டிக்கெட்டில் இடம் உறுதி கிடையாது, விடுமுறைக் காலத்தில் விமான நிலையத்திலிருந்தே திரும்பி வந்திருக்கிறேன். என் அம்மாவுக்கு முடியாமல் போனபோது முழு விலை டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்ந்தேன், ஒரு நாள் தாமதமாக. அன்றிலிருந்து ஒரு டிக்கெட்டுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் தொடாமல் வைத்திருக்கிறேன். நீங்கள் முதல் மாதச் சம்பளத்திலேயே அதை எடுத்து வையுங்கள். அவசர விடுப்பு எத்தனை நாள், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ரோஸ்டர் கிடைத்தால் இங்கேயே போடுங்கள். நாளை இரவு எனக்கு டாக்கா. மறுநாள் மதியம் எழுந்ததும் பார்த்துச் சொல்கிறேன்.