கபடிக்கும் வீட்டுக்கும் ஒரே கேமரா: எதை வாங்குவது?

கேள்வி: மன்னார்குடி, ஒரு அம்மா

எல்லாருக்கும் வணக்கம். கேமரா பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

என் மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு வருஷமாகக் கபடி ஆடுகிறாள், பள்ளி அணியில் ரெய்டர். அவள் அப்பா ஷார்ஜாவில் வேலையில் இருக்கிறார். மகள் ஆடி ஒரு ஆட்டம்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. ஆட்டம் முடியும் நேரம் பார்த்து "படம் அனுப்பு" என்று போன் வந்துவிடும். என் செல்போனில் எடுத்தால் பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக ஒரு தீற்றல்தான் இருக்கிறது. பனியன் நிறத்தை வைத்துத்தான் இவள் என்று சொல்ல வேண்டும். போன மாதம் மூன்று பேர் பிடியிலிருந்து உருவிக்கொண்டு விழுந்து நடுக்கோட்டைத் தொட்டாள். நான் எடுத்த பதினொரு படத்தில் ஒன்றில்கூட அவள் முகம் இல்லை. அன்று ராத்திரி அவருக்கு எல்லாவற்றையும் வாயால்தான் சொன்னேன்.

பகலில் ஆட்டம் குறைவு. பெரும்பாலும் சாயங்காலம் ஆறரைக்கு மேல், ஃபோகஸ் லைட் போட்டு நடக்கும். மண் தரை, சில ஊரில் மேட்.

வீட்டுக்கும் வேண்டும். சின்னவனுக்கு எட்டு மாதம், தவழ ஆரம்பித்துவிட்டான். மாமியாருக்கு எண்பது நடக்கிறது. தைப் பொங்கலுக்கு எல்லாரும் கூடும்போது வாசலில் வைத்துப் பதினாலு பேரும் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுக்க ஆசை.

கையில் 65,000 ரூபாய் இருக்கிறது. கடையில் கேட்டேன். கேனான் 1500டி, இரண்டு லென்ஸ், பை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து ஒரே செட்டாகத் தருகிறோம், 24 மெகாபிக்சல், தூரத்தில் இருப்பதும் பக்கத்தில் தெரியும் என்றார்கள். வாங்கிவிடலாமா? நிக்கான்தான் நல்லது என்கிறார் என் தம்பி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது அவர் அனுப்பிய பணம், வீணாகிவிடக் கூடாது.

பதில்: கோயம்புத்தூர் வாசகர்

சகோதரி, டிஎஸ்எல்ஆர் (1500டி மாதிரி உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் எதுவும் வெளியிடவில்லை. இரண்டு நிறுவனமும் மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா) பக்கம் போய்விட்டன. கேனான் ஆர்10 என்று 2022-ல் வந்த மாடல் மெக்கானிக்கல் ஷட்டரிலேயே (உள்ளே திறந்து மூடும் திரை) நொடிக்கு 15 படம் எடுக்கும். ஆளின் கண்ணைத் தானே கண்டுபிடித்து, ஆள் ஓடினாலும் கண்ணை விடாமல் ஃபோகஸ் வைத்துக்கொள்ளும். பழகுவதற்கு அதுதான் சுலபம். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன், என் பையன் ஃபுட்பால் ஆடுகிறான்.

ஆனால் உங்கள் தொகையில் பாடியும் (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) லென்ஸும் சேர்ந்து வருவது கஷ்டம். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து வாங்க முடியுமா என்று யோசியுங்கள்.

பதில்: காரைக்குடி ஸ்டூடியோக்காரர்

தங்கச்சி, அந்த செட்டை வாங்காதீங்க. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

இருபத்திரண்டு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்துதான் பிழைப்பு. மனசு போவது கபடிக்கு. சிவகங்கைப் பக்கம் எந்த ஊரில் ராத்திரி ஆட்டம் என்றாலும் வண்டியை எடுத்துவிடுவேன். அதனால் உங்கள் நீலத் தீற்றல் எனக்கு நன்றாகத் தெரியும்.

அது ஏன் வருகிறது என்று பாருங்கள். ரெய்டரின் கை நொடிக்கு நாலு மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பற்றாமல் கேமரா 1/50 நொடி திறந்திருந்தால் அதற்குள் கை எட்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதுதான் தீற்றல். 1/800 நொடி என்றால் அரை சென்டிமீட்டர்தான் நகரும், விரல் விரலாகத் தெரியும். ஆனால் அவ்வளவு சின்ன நேரத்துக்குள் போதுமான வெளிச்சம் உள்ளே வர வேண்டும். ராத்திரி ஆட்டத்தில் அதைக் கொடுப்பது லென்ஸின் வாய். மெகாபிக்சலுக்கு அதில் வேலையே இல்லை.

கடைக்காரர் தருகிற இரண்டாவது லென்ஸ், தூரத்தை இழுக்கிற 55-250 எம்எம் ஜூம் ஆகத்தான் இருக்கும். இழுத்துப் பிடித்தால் அதன் வாய் எஃப் 5.6. நான் சொல்லப்போகிற 85 எம்எம் லென்ஸுக்கு எஃப் 1.8. இந்த எண் குறையக் குறைய வாய் பெரிது. இரண்டுக்கும் கணக்குப் போட்டால் 1.8 லென்ஸில் வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு. எங்கள் ஊர் ஃபோகஸ் லைட்டில் நான் 1/800, எஃப் 1.8, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிற அளவு) 3200 வைத்து எடுக்கிறேன். அதே ஆட்டத்தை 5.6-ல் எடுக்க ஐஎஸ்ஓ முப்பதாயிரத்தைத் தாண்ட வேண்டும். 1500டி அவ்வளவு தூரம் போகாது. போனாலும் முகம் எல்லாம் ரவை தூவின மாதிரி இருக்கும். பட்டப்பகலில் ஆட்டம் என்றால் 55-250-ஐக் குறையே சொல்ல மாட்டேன்.

1500டி பாடியும் இந்த வேலைக்குக் காணாது. நொடிக்கு மூன்று படம், ஃபோகஸ் புள்ளி ஒன்பது. உங்கள் பெண் உருவிக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டாளே, அது முழுசாக ஒரு நொடிகூட இருந்திருக்காது. மூன்று படத்தில் அது சிக்குவது அதிர்ஷ்டம்.

செகண்ட் ஹேண்டில் கேனான் 80டி பாடி பாருங்கள். 2016-ல் வந்தது. நொடிக்கு ஏழு படம், ஃபோகஸ் புள்ளி 45. அதோடு 85 எம்எம் எஃப் 1.8 யுஎஸ்எம், அதுவும் செகண்ட் ஹேண்ட். ஃபோகஸ் சட்டென்று பிடிக்கிற லென்ஸ். வீட்டுக்கு அகலமாகவும் எடுக்கிற சின்ன ஜூம் 18-55 எஸ்டிஎம், பழசு மலிவாகவே கிடைக்கும். மூன்றும் உங்கள் தொகைக்குள் அடங்கும்.

7டி மார்க் 2 நொடிக்குப் பத்து படம் எடுக்குமே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், நானே அதில்தான் எடுக்கிறேன். ஆனால் அதில் உள்ளேயே வைஃபை கிடையாது. 80டி-யில் உண்டு. ஆட்டம் முடிந்த கையோடு, மைதானத்தில் உட்கார்ந்தபடியே கேமராவிலிருந்து போனுக்கு ஏற்றி ஷார்ஜாவுக்கு அனுப்பிவிடலாம். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் படத்தைச் சுருக்கிவிடும். உங்கள் வீட்டுக்காரர் போன் பண்ணுவதற்குள் படம் அவர் கையில் இருக்க வேண்டும். என் கணக்கில் நொடிக்கு மூன்று படம் கூடுவதைவிட அது பெரிசு.

தம்பி சொல்கிற நிக்கானும் நல்லதுதான். டி7500 நல்ல விலைக்கு வந்தால் தயங்காமல் எடுங்கள், நொடிக்கு எட்டு படம். டி3500, டி5600 வேண்டாம். அவற்றில் ஃபோகஸ் மோட்டார் பாடிக்குள் இல்லை. பழைய டி வகை லென்ஸை மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும், கபடியில் அது நடக்காது.

கோயம்புத்தூர்க்காரர் சொன்னது நியாயம். மிரர்லெஸ்தான் இனிமேல். ஆனால் பிள்ளை ஒன்பதாவது படிப்பது இந்த வருஷம் மட்டும்தான். இன்றைக்கு 80டி வாங்குங்கள். நாளைக்கு மிரர்லெஸ் போனாலும் கேனான் அடாப்டர் போட்டு இதே 85-ஐ மாட்டலாம், ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும்.

செகண்ட் ஹேண்டில் ஒன்று கவனம். ஒரு கடையில் நம்பி ஒரு லென்ஸ் வாங்கினேன், வெளியே புத்தம் புதுசு. வீட்டுக்கு வந்து செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. திரும்ப எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார்கள். அதனால் கடையிலேயே டார்ச் அடித்துப் பாருங்கள். பாடியில் ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். 80டி-யின் ஷட்டரை ஒரு லட்சம் தடவைக்குச் சோதித்ததாகக் கேனான் சொல்கிறது. நாற்பதாயிரத்துக்குள் இருந்தால் பயமில்லாமல் வாங்கலாம். அந்த எண் படத்தின் விவரத்தில் வராது, கம்ப்யூட்டரில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். "பார்க்க முடியாது" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உட்காருகிற இடம் கேமராவைவிட முக்கியம். உங்கள் பெண் ரெய்டு போகும்போது அவள் முகம் எதிரணியைப் பார்த்து இருக்கும். எல்லா அம்மா அப்பாவும் சொந்தப் பிள்ளைகள் பக்கம் உட்கார்ந்து முதுகைத்தான் எடுக்கிறார்கள். நீங்கள் எதிரணியின் பின்கோட்டு மூலைக்குப் போய்விடுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள், கேமரா, நிற்கிற ஆளின் இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். அவள் குனிந்து வரும்போது கண்ணுக்கு நேராக இருக்கும். எட்டு மீட்டர் தூரத்தில் கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் 85-ல் இரண்டு மீட்டர் உயரம் அடங்கும், ஆள் முழுசாக வருவாள். இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறுவார்கள், நீங்களும் எழுந்து மாறுங்கள். கோட்டை ஒட்டி உட்காராதீர்கள். பிடி விழுந்தால் நாலு பேர் சேர்ந்து வெளியே வந்து விழுவார்கள்.

ஃபோகஸை ஏஐ சர்வோவில் (ஆள் நகர நகரப் பின்தொடர்கிற முறை) வையுங்கள். கையைத் துரத்த வேண்டாம், பனியன் நம்பர் மேல் வையுங்கள். அவள் இடது காலை ஊன்றி உடம்பைத் திருப்பும்போது அழுத்த ஆரம்பியுங்கள். தொட்டுவிட்ட பிறகு அழுத்தினால் காலி இடம்தான் வரும்.

தவழ்கிற பையனுக்கு 80டி-யின் திரையை வெளியே திருப்பி, கேமராவைத் தரையோடு வைத்து, திரையில் அவன் முகத்தைத் தொடுங்கள். ஃபோகஸ் அவனை விடாது. பாட்டியை ஜன்னலோரம் உட்காரவைத்து 85-லேயே எடுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். பதினாலு பேர் படத்துக்கு 18-55, எஃப் 8, காலையில் வாசலில் வெயில் விழுவதற்கு முன். 1.8-ல் எடுத்தால் முன்வரிசை தெளிவாகவும் பின்வரிசை மங்கலாகவும் வரும்.

மன்னார்குடி அம்மா

அண்ணா, இவ்வளவு எழுதியதற்கு நன்றி. அதை அப்படியே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு தம்பியோடு திருச்சி போனேன். 80டி பாடி 36,000. ஷட்டர் 31 ஆயிரத்துச் சொச்சம், கம்ப்யூட்டரில் காட்டினார்கள். 85 லென்ஸ் 19,000. டார்ச் அடித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. முதலில் காட்டிய 18-55-ல் ஒரு ஓரத்தில் வலை மாதிரி இருந்தது, வேறு கேட்டு வாங்கினேன், 4,500. கார்டும் பையும் போக மிச்சமும் இருக்கிறது.

நேற்று முதல் ஆட்டம். எதிரணி மூலையில் உட்கார்ந்தேன். பிள்ளையின் முகம் முதல் தடவையாகத் தெரிகிறது அண்ணா. நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டுதான் ரெய்டு போகிறாள். எனக்கே இப்போதுதான் தெரியும்.

ஒரு சந்தேகம். வரிசையாக எடுத்த ஏழு படத்தில் இரண்டு மூன்று நன்றாக இருக்கிறது, நடுவில் ஒன்று கறுத்து, ஒன்று பழுப்பாக வருகிறது. நான் எதையும் மாற்றவில்லை. கேமராவில் கோளாறா? பழசு வாங்கித் தப்பு பண்ணிவிட்டேனா?

காரைக்குடி ஸ்டூடியோக்காரர்

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை, பயப்படாதீங்க. அது லைட்டின் வேலை.

நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்த ஃபோகஸ் லைட் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது. 1/800-ல் எடுக்கும்போது ஏற்றத்தில் அமைந்தால் படம் பளிச்சென்று வரும், இறக்கத்தில் அமைந்தால் கறுக்கும், நிறமும் மாறும். 80டி மெனுவில் ஆன்ட்டி ஃப்ளிக்கர் என்று ஒன்று இருக்கிறது. வாங்கும்போது அணைந்துதான் இருக்கும், அதைப் போடுங்கள். லைட் ஏறுகிற நேரம் பார்த்துக் கேமரா ஷட்டரைத் திறக்கும். நொடிக்கு ஏழு என்பது கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டை வழியாக எடுக்கும்போதுதான் இது வேலை செய்யும், திரையைப் பார்த்து எடுத்தால் செய்யாது. நான் 80டி சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

மழைக்காலம் வருகிறது. லென்ஸைத் துணிப்பையில் வைத்து பீரோவில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். வாரம் ஒரு தடவையாவது வெளியே எடுத்துப் பையனை நாலு படம் எடுங்கள்.

மன்னார்குடி அம்மா

ஆன்ட்டி ஃப்ளிக்கர் போட்டாச்சு அண்ணா. நேற்று அதே மைதானம், அதே லைட், ஒன்றுகூடக் கறுக்கவில்லை. அரையிறுதியில் தோற்றுவிட்டார்கள். ஆனால் இவள் காலை நீட்டி போனஸ் கோட்டைத் தாண்டுகிற படம் ஒன்று இருக்கிறது. கட்டைவிரலில் ஒட்டிய மண்கூடத் தெரிகிறது. மைதானத்தில் இருந்தே டாக்குமென்ட்டாக அனுப்பினேன். அவர் போன் பண்ணி அவளிடம்தான் முதலில் பேசினார், பத்து நிமிஷம் அந்தப் போனஸ் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

சிலிக்கா ஜெல் பாக்கெட் மருந்துக்கடையில் கிடைக்குமா, கேமராக் கடையில்தான் வாங்க வேண்டுமா?