கீழக்கரைக் கல்லுப்பள்ளித் தூண்களைச் செதுக்கியவர்கள் கோயில் சிற்பிகளா?

கேள்வி
சீதக்காதி வள்ளலின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கல்லுப்பள்ளி என்னும் எங்கள் பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் தூண்களைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவன் நான். சென்ற மாதம் திருப்புல்லாணி சென்றபோது, அங்குள்ள பெருமாள் கோயில் கல் தூண்களின் சாயல் எங்கள் பள்ளியை நினைவூட்டியதால் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டும் ஒரே மரபினரின் கைவேலையா?

மறுமொழி 1
அப்படித்தான் கருத வேண்டும். இராமநாதபுரம் சேதுநாட்டு மன்னர் கிழவன் சேதுபதியும் சீதக்காதியும் நெருங்கிப் பழகிய காலத்தில், இங்கே கல்வேலை என்றாலே கோயில் மரபில் தேர்ந்த கல்தச்சர்களின் வேலைதான். ஆகவே தூணின் சதுரமும் பட்டையும், தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையும் பள்ளிவாசலுக்கும் வந்தன; யாளியும் தெய்வ உருவமும் விலக்கப்பட்டு, அவற்றின் இடத்தைக் கொடியும் பூவும் நிரப்பின. கட்டுவித்தவர் பெயரை ஊர் காத்துவைத்திருக்கிறது, செதுக்கியவர் பெயரைக் காக்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

மறுமொழி 2
மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட சிற்பக் கல்லூரியில் பயின்று, இந்தக் கடலோரத்தில் திருப்பணி செய்துவருகிறேன். உருவம் இல்லாத தூணை எளிய வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். உருவத்தில் நேர்ந்த சிறு பிழையை ஆடை மடிப்பை மாற்றிச் சரிக்கட்டலாம். பட்டையிலோ ஒரு நூல் பிசகினாலும், சாய்ந்து விழும் மாலை வெயில் காட்டிக்கொடுத்துவிடும். சதுரக் கல்லின் ஒவ்வொரு பக்கத்தையும் 24 கூறாக்கி, இரு ஓரத்திலும் 7 கூறு தள்ளிக் காவி தோய்த்த நூலால் கோடு அடித்து மூலைகளை உளியால் பொளிந்தால், நடுவில் 10 கூறு நின்று எட்டுப் பட்டையும் ஏறத்தாழ ஒத்து வரும். போதிகையில் தொங்கும் மொட்டு ஒட்டவைத்ததன்று, அதே கல்லில் குடைந்தெடுப்பது. அதன் கழுத்தில் சிற்றுளி தவிர வேறெதுவும் படக்கூடாது.

பயிற்சிக் காலத்தில் நான் தட்டிப் பார்க்காமல் எடுத்த கல் ஒன்று, ஏழு பட்டை முடிந்து எட்டாவதைப் பொளியும்போது உள்ளிருந்த கீறலில் இரண்டாகப் பிளந்தது. பல நாள் உழைப்பு ஒரு நொடியில் போயிற்று. மணியோசை கேட்காத கல்லில் அதன்பின் நான் உளி வைத்ததில்லை.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி ஐயா. இன்று அஸர் தொழுகை முடிந்ததும், வெயில் சாயும் நேரத்தில் எங்கள் தூண்களின் பட்டைகளைப் பார்க்கப் போகிறேன்.