வள்ளிமலை காதுகுத்து

சுமதி அண்ணி: ஞாயிறு காலை 6க்கு சத்துவாச்சாரியிலருந்து வேன். சித்தி படி ஏறுவாங்களா, கீழயே உக்காருவாங்களா?

பாபு: ஏறுவாங்க. கேன்சர் முடிஞ்சி நாலு வருஷம் ஆச்சே

கலா: ரெண்டு வாரமா மாடி ஏறினா அம்மாக்கு மூச்சு வாங்குது. சாயங்காலமானா கணுக்கால் வீங்குது. வயசுதான்றாங்க

தேவி அக்கா: வயசுன்னு விடாத கலா. சித்திக்கு ஏத்தின செவப்பு மருந்து டாக்ஸோரூபிசின். அது இதயத் தசையையும் பலவீனமாக்கும், சிலருக்கு வருஷம் கழிச்சிதான் தெரியும். அப்புறம் போட்ட டிராஸ்டுசுமாப் ஊசியும் இதயத்தோட பம்பிங்கைக் குறைக்கும். அது பெரும்பாலும் நிறுத்தினா சரியாகும். இடது மார்புல கரண்டு (கதிர்வீச்சு) வேற வெச்சாங்க, அது இதய ரத்தக்குழாயிலயும் படும். எக்கோ (இதய ஸ்கேன்), ஈசிஜி ரெண்டும் எடுக்கணும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எடுத்துட்டுப் போ, டாக்ஸோரூபிசின் மொத்தம் எவ்ளோன்னு அதுல இருக்கும். உடம்புப் பரப்புல சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராம் தாண்டினா ஆபத்து ஜாஸ்தி. கரண்டும் சேர்ந்தா அதுக்குக் கம்மியிலயே கவனிக்கணும்

ரவி மாமா: கொழந்தைய என் மடியிலதானே உக்கார வெப்பீங்க? போன தடவை மாதிரி ஆவக்கூடாது

சுமதி அண்ணி: மாமா அது அப்புறம் பேசலாம்

பாபு: சுருக்கமா சொல்லுக்கா. ஏறலாமா கூடாதா

தேவி அக்கா: எக்கோ பாக்காம ஏறக்கூடாது. ரிப்போர்ட்ல ஈ.எஃப். நம்பரை (ஒரு துடிப்புல இதயம் எத்தனை சதவீத ரத்தத்தை வெளிய தள்ளுதுன்றது) கீமோவுக்கு முன்னாடி எடுத்ததோட ஒப்பிடச் சொல்லு. 10 புள்ளி எறங்கி 50க்குக் கீழ போயிருந்தா மாத்திரை ஆரம்பிப்பாங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா தேர்றது அதிகம். படுத்தா மூச்சு முட்டுதா?

கலா: நேத்து ரெண்டு தலையணை வெச்சிதான் தூங்கினாங்க

தேவி அக்கா: அப்ப இன்னைக்கே போங்க. நெஞ்சு வலி, உக்காந்திருக்கும்போதே திணறல்னா 108

விஜி: கத்திரிக்கா கொத்சு யார் செய்றது? அப்பளம் நான் வாங்கிட்டேன்

தேவி அக்கா: சித்திக்கு அப்பளம், ஊறுகாய் வேணாம். எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் உப்புக்குள்ள இருக்கணும்

கலா: கேன்சர் திரும்ப வராம இருக்க சாப்பிடற லெட்ரோசோல் மாத்திரைய நிறுத்திடவான்னு கேக்கறாங்க

தேவி அக்கா: தானா நிறுத்தக்கூடாது. அது கொலஸ்ட்ராலை ஏத்தலாம், லிப்பிட் டெஸ்ட்டும் கேளு. பி.பி.ய அக்குள் கட்டி எடுத்த கையில பாக்க வேணாம், அடுத்த கையில பாக்கச் சொல்லு

சித்தி: எனக்கு ஒண்ணுமில்ல. திங்கக்கிழமை போலாம்

தேவி அக்கா: சித்தி, இன்னைக்கு. ப்ளீஸ்

ரவி மாமா: நாலு மணிக்கு வண்டியோட வரேன். கெளம்பி இரு

சுமதி அண்ணி: அப்ப வேன்ல 18 பேரா 17ஆ? டிரைவர் கேக்கறாரு