மறுமொழி: புதுக் கட்டை மாட்டியதும் செய்யும் வேலைக்குக் கலைச்சொல்

அன்பு நண்பர்களுக்கு,

சைக்கிளின் டிஸ்க் பிறேக்கில், சில்லோடு சுழலும் தட்டைக் கவ்விப் பிடிப்பது கட்டை. புதுக் கட்டை மாட்டியதும், ஓட்டிப் பிறேக் பிடித்து ஓட்டிப் பிறேக் பிடித்து அதைத் தயாராக்குகிறோம். அந்த வேலைக்கு ஹட்டன் அண்ணன் சொன்ன ‘பதப்படுத்தல்’ எனக்கு ஒப்பவில்லை. தோலையும் மீனையும் பதப்படுத்துகிறோம், கெடாமல் இருக்க. இங்கே நடப்பதே வேறு. சூட்டில் உரச உரசக் கட்டையின் பொருள் கொஞ்சங்கொஞ்சமாகத் தட்டில் ஏறி, மெல்லிய படலமாகப் படிகிறது. அதன் பிறகு கட்டை கவ்வுவது அந்தப் படலத்தைத்தான். திட்டுத்திட்டாகப் படிந்தால் பிறேக் அதிரும், கத்தும்.

ஆகவே ‘பழக்கல்’ என்று வைப்போம். புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குகிறோமே, அதே சொல். அங்கும் சூட்டில் ஒரு படலம்தான் ஏறுகிறது.

பழைய தட்டிலேயே புதுக் கட்டை போடும்போது முன்வேலை ஒன்று இருக்கிறது. பிசின் கட்டையை எடுத்து உலோகக் கட்டை போடுகிறோம் என்றால், தட்டில் இருக்கும் பழைய படலம் போக வேண்டும். மெல்லிய அரத்தாளால் பளபளப்பு மங்கும்வரை இரு முகத்தையும் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அற்ககோல் நனைத்த துணியால், துணியில் கறுப்பு ஒட்டாமல் வரும்வரை துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு தட்டில் விரல் படக்கூடாது. இதைப் ‘படலம் களைதல்’ எனலாம். பிசின் கட்டைக்கு மட்டும் என்று பொறித்த தட்டுகளும் உண்டு. அவற்றில் உலோகக் கட்டை போடவே கூடாது. ஷிமானோ நிறுவனத்தின் தட்டு 1.5 மில்லிமீற்றராக மெலிந்துவிட்டால் களைவதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இரண்டு சொற்களும் தனித்தனியாக வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் நம் வீதிகள்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கட்டையை மாற்றித் தட்டை நன்றாகத் துடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நேரே இறம்பொடைப் பக்கம் இறங்குகிறார்கள். வளைவுக்கு வளைவு பிறேக் கேட்கும் இறக்கம், பனிமூட்டம் வேறு. பழக்காத கட்டை அங்கே பிடிக்க வேண்டிய அளவுக்குப் பிடிக்காது. கிறகறி வாவி ஓரத்துச் சமதரையில் முதலில் பழக்கட்டும். பிறேக் செய்யும் ஸ்ராம் நிறுவனம் சொல்லும் முறை இது: மிதமான வேகத்திலிருந்து நடைவேகம் வரை அழுத்திப் பிடிப்பது ஏறக்குறைய 20 தடவை, பிறகு வேகத்தைக் கூட்டி 10 தடவை. சில்லு இறுகி நிற்கக்கூடாது.

முழுச் சொல்லாக ‘பிறேக் பழக்கல்’ என்று எழுதலாமா?

---

அண்ணா, வணக்கம்.

பழக்கல் சரி. ஆனால் ‘பிறேக் பழக்கல்’ வேண்டாம். பிள்ளைக்குப் பிறேக் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது போல் கேட்கிறது. ‘கட்டை பழக்கல்’ என்றால் கராஜில் “கட்டையைப் பழக்கிட்டீங்களா?” என்று அப்படியே கேட்கலாம். தட்டு விடுபடுகிறதே என்பீர்கள். விளக்கத்தில் அதைச் சேர்த்துவிடலாம்.

நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கட்டையின் முகம் இறுகிப் பளபளக்குமே, அதற்கும் சொல் இல்லை. ‘பளிங்கேறல்’ எப்படி?

பண்டாரவளையிலிருந்து,
தம்பி