25 சிசி இயந்திரத்தை மிதிவண்டியில் பொருத்திய அனுபவம்

தென்னந்தோப்பில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது மட்டை விழுந்து பிரஷ் கட்டரின் நீண்ட குழாய் வளைந்துவிட்டது. நல்ல நிலையில் இருந்த இயந்திரத்தையும் சேர்த்துப் பழைய இரும்புக் கடையில் போட எனக்கு மனம் வரவில்லை. அது ஹோண்டா ஜிஎக்ஸ்25. நான்கு ஸ்ட்ரோக், எடை மூன்று கிலோவுக்கும் குறைவு, நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன். இதை மிதிவண்டியில் ஏற்றலாம் என்று துணிந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். நான்கு சக்கரங்களுக்குக் குறைவாகவும் 25 சிசிக்கு மிகாமலும் உள்ள வண்டியை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை.

சங்கிலிக்குப் பதிலாக உருளையைத் தேர்ந்தெடுத்தேன். டைனமோ டயரில் உரசிச் சுழல்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே உருளை சுழன்று டயரைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். இம்முறையில் சக்கரம் பெரிதா சிறிதா என்பது வேகத்தை மாற்றாது. உருளையின் விட்டமே அனைத்தையும் முடிவு செய்கிறது. இதை அறியாமல், கடைசல் பட்டறையில் கிடைத்த 38 மி.மீ. தண்டையே முதலில் போட்டேன். என் இயந்திரத்தின் கிளட்ச், சுழற்சி கூடும்போது தானாகவே பிடிக்கும் வகை; 4,000 சுற்றை நெருங்கும்போதுதான் முழுதாகப் பிடிக்கும். அந்த உருளையில் அது மணிக்கு 28 கி.மீ. வேகம். அதற்குக் கீழே போகும்போதெல்லாம் கிளட்ச் வழுக்கியபடியே இருந்ததால், ஒரு சிறு மேட்டில் ஏறுவதற்குள் அதன் உறையைத் தொட முடியாத அளவுக்குச் சூடேறிக் கருகல் நாற்றம் வந்துவிட்டது. பிறகு 25 மி.மீ. உருளை கடைந்து, அதன்மேல் சொரசொரப்பாக வரி போட்டு மாட்டினேன். இப்போது மணிக்கு 19 கி.மீ. அளவிலேயே கிளட்ச் பிடிக்கிறது. 7,000 சுற்றில் கணக்குப்படி 33 கி.மீ. வரும். மிதிவண்டிக்கு அதுவே அதிகம் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் நம் பழைய வண்டிகளின் கம்பி பிரேக் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டதன்று.

இயந்திரத்தைத் தாங்கும் தகட்டைக் கேரியரில் கீல் வைத்துப் பொருத்தி, உருளையை டயர்மீது அழுத்த ஒரு ஸ்பிரிங்கும், தூக்கிவைக்க ஒரு நெம்புகோலும் அமைத்தேன். முதல் வாரத்திலேயே அதிர்வில் ஒரு போல்ட் கழன்று விழ, தகடு சரிந்து உருளை டயரின் ஓரத்தைக் கிழித்தது. சாதாரண நட்டுடன் விட்டது என் பிழை. இப்போது எல்லா இடத்திலும் உள்ளே நைலான் வளையம் வைத்த, எளிதில் கழலாத நட்டுகள்தாம். ஆனாலும் புறப்படும் முன் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்காமல் ஏறுவதில்லை.

*

ஐயா, வணக்கம். நான் சங்கிலி வழியில் சென்றவன். “80 சிசி” என்று விற்கப்படும் இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரத் தொகுப்பை வாங்கினேன். சிலிண்டர் 47 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 38 மி.மீ.; கணக்கிட்டால் 66 சிசிதான் வருகிறது. அதுவும் சட்டத்தின் விலக்குக்கு மிக மேலே இருப்பதால் தோப்பு வேலிக்குள் மட்டுமே ஓட்டினேன். அதன் பல்சக்கரத்தை ரப்பர் துண்டுகளுக்கு நடுவே வைத்து ஒன்பது போல்ட்டுகளால் ஆரக்கம்பிகளோடு இறுக்க வேண்டும். 36 கம்பிகள் உள்ள சக்கரத்தில் நான்குக்கு ஒரு போல்ட்டாகச் சீராக அமையும். என் வண்டியின் பின்சக்கரத்திலோ 40 கம்பிகள். எப்படித் திருப்பி வைத்தாலும் சில போல்ட்டுகள் கம்பியின்மீதே இடித்தன. வற்புறுத்தி இறுக்கியதில் பல்சக்கரம் மையம் விலகி, சுற்றுக்கு ஒருமுறை சங்கிலி தளர்ந்தும் விறைத்தும் ஓடி, பத்தே நாளில் மூன்று கம்பிகள் முறிந்தன. வாங்கும் முன் கம்பிகளை எண்ணிப் பார்க்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் உருளை மழையில் வழுக்குவதில்லையா?

*

வழுக்கும், தம்பி. ஸ்பிரிங்கை மேலும் இறுக்கிப் பார்த்தேன், டயர்தான் தேய்ந்தது. காற்றைக் குறையாமல் வைத்திருப்பது சற்று உதவுகிறது. தூறல் தொடங்கினால் உருளையைத் தூக்கி வைத்துவிட்டு மிதித்தே வீடு சேர்கிறேன்.