வால்தம் தங்கப் பாக்கெட் வாட்ச்: கேரட் மீட்டர் 58 காட்டுது, நம்பி வாங்கலாமா?

களியக்காவிளைக்காரன்:
பாறசாலைல ஒருத்தர் வால்தம்ங்கிற பழைய அமெரிக்கக் கம்பெனி பாக்கெட் வாட்ச் ஒண்ணு விக்கிறார். முன்னும் பின்னும் மூடி உள்ள ஹன்டர் கேஸ், 16 சைஸ். மொத்த எடை 98 கிராம். 14 காரட்னு சொல்லி, 98 கிராமுக்கும் தங்க விலை போட்டு, மேல "பழமைக்கு" தனியா கேக்கார். நகைக்கடை கேரட் மீட்டர் (தங்கத்தோட சுத்தம் பார்க்கிற எக்ஸ்ரே மெஷின்) சீட்டும் காட்டினார், 58.2 சதவீதம். பின் மூடி உள்பக்கம் 14 காரட்னும் அதுக்குக் கீழ 25 வருஷ கேரண்டின்னும் ஆங்கிலத்துல அடிச்சிருக்கு. ஓடுது, ஆனா முள்ளு திருப்ப வரமாட்டேங்குது, சாவியை (மேல இருக்கிற திருகு) இழுத்தா இறுக்கமா இருக்கு. அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்க.

நகரி_பழங்கடிகாரம்:
முதல்ல அந்த சாவியை இழுக்கிறதை நிறுத்தச் சொல்லுங்க தம்பி. அந்தக் காலத்து அமெரிக்க வாட்ச்ல பலதுக்கு சாவியை இழுத்து நேரம் வைக்க முடியாது. முன் மூடியைத் திறந்து டயல் விளிம்பைப் பாருங்க, நகம் அளவு எஃகு நெம்பி ஒண்ணு துருத்தும். அதை நகத்தால வெளியே இழுத்து, சாவியைச் சுத்தினா முள்ளு நகரும். பிறகு உள்ளே தள்ளிடணும். பலமா இழுத்தா ஸ்டெம் (சாவியோட தண்டு) உடையும், இல்லன்னா கழுத்துக்குள்ள அதைப் பிடிச்சிருக்கிற ஸ்லீவ் கெடும்.

இப்ப தங்கம். வருஷக் கேரண்டி அடிச்ச கேஸ் முழுத்தங்கம் கிடையாது, சந்தேகமே வேண்டாம். பித்தளைத் தகட்டுக்கு ரெண்டு பக்கமும் தங்கத் தகடு ஒட்டி உருட்டிச் செஞ்சது. தங்கம் தேஞ்சு பித்தளை தெரிய எத்தனை வருஷம் ஆகும்ங்கிறதுதான் அந்த 10, 20, 25. முழுத்தங்கத்துக்கு எதுக்கு கேரண்டி? அமெரிக்காவில் 1924-ல இப்படி வருஷம் போடுறதுக்கே தடை வந்துச்சு, அதனால கேஸ் அதுக்கு முந்தினது.

கேரட் மீட்டர் பொய் சொல்லல. அதோட எக்ஸ்ரே தங்கத்துல சில மைக்ரான் ஆழம்தான் பார்க்கும். இந்தத் தகடு அதைவிடத் தடிமன், அதனால கீழ இருக்கிற பித்தளை அதுக்குத் தெரியாது. உரைகல்லும் ஆசிட்டும் அதே கதைதான். நம்ம ஊர் கவரிங் மாதிரி மெல்லிசா இருந்திருந்தா மீட்டரே காட்டிக் கொடுத்திருக்கும்.

அதோட 98 கிராம்ல உள்ளே ஓடுற மெஷின், கண்ணாடி, டயல் எல்லாம் சேர்த்தி. தங்க விலையை அதால பெருக்குறது வியாபாரம் இல்ல, வேற ஏதோ.

குழித்துறை_ராட்டை:
நகரி அண்ணன் சொன்னதோட சேர்த்து ஒண்ணு. சீட்டைப் பார்க்காம கையால பார்க்கணும்னா மேலே இருக்கிற வளையம், அது உரசுற கழுத்து, கீல் முனை, மூடி விளிம்பு: இந்த நாலு இடத்தையும் லென்ஸ்ல பாருங்க. மஞ்சள் மாறி கொஞ்சம் பச்சையாவோ செம்பு நிறமாவோ தெரிஞ்சா பித்தளை வெளியே வந்தாச்சு.

உறுதியா வேணும்னா அடர்த்தி பார்க்கணும். வாட்ச் ரிப்பேர்காரர் மெஷினைக் கழற்றட்டும். கண்ணாடி, சாவி, கேஸுக்குள்ள இருக்கிற ரெண்டு எஃகு ஸ்பிரிங் எல்லாம் வெளியே வரணும். ஸ்பிரிங்கை விட்டு வச்சா கணக்கு கீழே இறங்கும், தண்ணி பட்டுத் துருவும் பிடிக்கும். காலி கேஸை 0.01 கிராம் தராசுல நிறுங்க. பிறகு தண்ணி டம்ளரைத் தராசில வச்சு பூஜ்யம் பண்ணி, கேஸை நூல்ல கட்டி முழுசா மூழ்கற மாதிரி தொங்க விடுங்க. அடியிலயோ பக்கத்திலயோ தொடக்கூடாது. கீல் இடுக்குல காற்றுக்குமிழ் நிக்காம ஒரு சொட்டு பாத்திர சோப்பு போடலாம். இப்ப காட்டுற எண்ணால முதல் எடையை வகுங்க.

36 கிராம் கேஸுக்கு 2.3 காட்டினா சுமார் 15.65 வரும், அது 18 காரட். 14 காரட்னா சுமார் 13. பித்தளை தனியா 8.5, தகடு போட்டது அதுக்குக் கொஞ்சம் மேல.

வாட்சோட வயசுக்கு கேஸ் நம்பரைத் தேடாதீங்க, மெஷின்ல இருக்கிற நம்பர்தான் வால்தம் பட்டியல்ல இருக்கும். அமெரிக்காவில் மெஷினும் கேஸும் தனித்தனியா வித்தாங்க, அதனால ரெண்டு நம்பரும் வேறயா இருந்தா குறை இல்ல.

களியக்காவிளைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. அதே ஆள்கிட்ட பேர் இல்லாத சுவிஸ் வாட்ச் ஒண்ணும் இருக்கு. 0.750-ன்னு இருக்கு, பக்கத்துல சின்னதா ஒரு பொம்பளை தலை. இதுவும் அதேதானா?

குழித்துறை_ராட்டை:
இல்ல, இது நல்ல சங்கதி. அது ஹெல்வெட்டியா தலை, சுவிஸ் அரசு முத்திரை, 18 காரட். அணில் இருந்தா 14 காரட். ஆனா பின் மூடிக்கு உள்ளே இன்னொரு மூடி இருக்கும், அதுல "கியூவ்ர்" அல்லது "மெட்டல்"னு பிரெஞ்சுல பொடி எழுத்து இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த உள்மூடி செம்புக் கலவை, தங்கக் கணக்குல சேராது. முத்திரை ஒவ்வொரு மூடியிலும் தனித்தனியா இருக்கணும்.

அதே உள்மூடியில "ஆன்கர்"னு இருந்தா லீவர் மெஷின், சேகரிப்பவங்க வாங்குவாங்க. "சிலின்டர்"னு இருந்தா மலிவு மெஷின், பெரும்பாலும் தங்கத்துக்குத்தான் விலை.

நகரி_பழங்கடிகாரம்:
அந்த சுவிஸ் கேஸ் காலியா 36 கிராம் நின்னா சுத்தத் தங்கம் 27 கிராம். 22 காரட் கணக்குல சுமார் 29.5 கிராம், மூன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல. அதுதான் அடிவிலை. வால்தத்துக்கு அடிவிலையே கிடையாது, மெஷினோட தரம், அதுக்குள்ள எத்தனை மாணிக்கக் கல், டயல்ல மயிரிழை விரிசல் இருக்கா, இதுக்குத்தான் காசு.

கையில வந்ததும் ஆசாரிகிட்ட பாலிஷுக்கோ பூந்திக்கொட்டைத் தண்ணிக்கோ கொடுக்காதீங்க. முத்திரையும் கோட்டு வேலைப்பாடும் தேஞ்சா சேகரிப்பவங்க கையை எடுத்துடுவாங்க. ஹன்டர் மூடியைச் சடார்னு சாத்தாம, சாவியை அமுக்கிப் பிடிச்சுச் சாத்தணும். எஃகு கொக்கி தங்க விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்துடும், பிறகு மூடி நிக்காது. ஓடுதேன்னு தினமும் சாவி கொடுக்காதீங்க. எண்ணெய் காய்ஞ்ச மெஷின் ஓட ஓட பிவட் (சக்கர அச்சு முனை) தேயும். முதல்ல சர்வீஸ்.

ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. மெஷின் நம்பர், கேஸ் நம்பர் ரெண்டும் போட்டு எழுதி வாங்குங்க. நூறு வருஷம் தாண்டின பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரலாம், அப்படிப்பட்டதைத் தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. துபாய்ல ஆள் இருக்குன்னு யாராவது சொன்னா, கூரியர் போடுறதுக்கு முன்னாடி தொல்லியல் துறைல கேட்டு, தொல்பொருள் இல்லன்னு சான்று வாங்கிக்குங்க.