கன்சாலிடேஷனை விடச் சொன்ன மகராசன் யார்?

தச்சநல்லூர்_டாலி
நேற்று ஓர் ஆன்லைன் வாத்தியாரின் காணொளி பார்த்தேன். வயிறு எரிகிறது. ஜனவரி சி.ஏ. ஃபைனலுக்கு எஃப்.ஆர். பேப்பரை, அதாவது நிதி அறிக்கைப் பாடத்தை, ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார். சி என்றால் நேரம் இருந்தால் பார், இல்லையென்றால் போகட்டும் என்ற ரகம். அதில் கன்சாலிடேஷனைப் போட்டிருக்கிறார், தாய்க் கம்பெனி, துணைக் கம்பெனிக் கணக்குகளை ஒன்றாகச் சேர்க்கிற சாப்டரை! 'பெரிய சாப்டர், ஒரு கணக்குக்கே முக்கால் மணி நேரம் தின்னும், சாய்ஸில் விட்டுவிடுங்கள்' என்கிறார். எங்கள் ஆபீஸில் பயிற்சிக்கு இருக்கிற ஆர்ட்டிகிள் தம்பி அதைக் கேட்டுவிட்டு இன்று காலை ஸ்டடி மெட்டீரியலில் இருந்து ஒரு சாப்டரையே உருவி எடுத்துவிட்டான். பஜ்ஜி எண்ணெய் ஒற்றத்தான் ஆகும் போல. இப்படி ஆலோசனை சொல்கிறவர்களை யார் கேட்பது?

பேட்டை_லெட்ஜர்
இதில் கேட்க என்ன இருக்கிறது? முதல் கேள்வி கட்டாயம். அதில் வந்துவிட்டால் சாய்ஸ் எங்கே இருக்கிறது? முடிந்தது.

அம்பை_அப்பளம்
லெட்ஜர் அண்ணாச்சி, முழுசாகச் சொல்லுங்கள். நூறு மார்க்கில் முப்பது எம்.சி.க்யூ., அதாவது சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்வி. மிச்சம் எழுபது. முதல் கேள்வி கட்டாயம், மற்ற ஐந்தில் நான்கு எழுத வேண்டும், ஒவ்வொன்றும் பதினாலு. ஆக ஒரு கேள்வியை விடலாம். அந்த வாத்தியார் சொன்னது அந்தப் பதினாலைத்தான். நான் வாத்தியார் பக்கம். எனக்கு இருப்பது அறுபது நாள், ஆபீஸில் ஜி.எஸ்.டி. ஆடிட் வேறு கழுத்தைப் பிடிக்கிறது.

பேட்டை_லெட்ஜர்
அறுபது நாளோ ஆறு நாளோ, முதல் கேள்வி கட்டாயம். 2011-இல் நான் ரெண்டு குரூப்பையும் ஒரே தடவையில் எழுதினேன், எட்டு பேப்பர். எதையும் விடவில்லை. காலையில் ஆற்றில் குளித்துவிட்டு உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாடு வரை எழுந்திருக்க மாட்டேன். மைனாரிட்டி இன்ட்ரஸ்ட் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் போடுவேன்.

தச்சநல்லூர்_டாலி
இவர் வந்துவிட்டார், 2011-ஐத் தூக்கிக்கொண்டு. நான் உங்கள் பக்கம்தான் பேசுகிறேன் அண்ணாச்சி, ஆனாலும் 'மைனாரிட்டி இன்ட்ரஸ்ட்' என்று இப்போது எழுதினால் திருத்துகிறவர் சிரிப்பார். அது ஏ.எஸ். 21 என்ற பழைய கணக்கியல் தரநிலைக் காலத்துப் பேச்சு. புதுத் தரநிலைகளான இன்ட் ஏ.எஸ். வந்ததே 2015-இல். துணைக் கம்பெனியில் மிச்சப் பங்கு வைத்திருக்கும் வெளியாட்களின் பங்குக்கு இப்போது பெயர் என்.சி.ஐ.

பேட்டை_லெட்ஜர்
பேரு மாறினால் கணக்கு மாறிவிடுமா? ஜங்ஷனுக்கு என்ன பெயர் வைத்தாலும் பஸ் அங்கேதான் நிற்கும்.

தச்சநல்லூர்_டாலி
மாறும். ஏ.எஸ். 21-இல் புத்தக மதிப்பை வைத்து குட்வில், அதாவது நிகர சொத்துக்கு மேல் கொடுத்த விலை, கண்டுபிடிப்பீர்கள். இன்ட் ஏ.எஸ். 103-இல் நியாய மதிப்பு. மலிவாக வாங்கிய லாபத்தை எங்கே கொண்டுபோவது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வெளிநாட்டுத் தரநிலையான ஐ.எஃப்.ஆர்.எஸ்-இல் லாப நஷ்டக் கணக்கு. நம் ஊரில் ஓ.சி.ஐ., அதாவது லாபத்துக்கு வெளியே காட்டுகிற இதர வருமானம், வழியாகக் கேபிடல் ரிசர்வ். இதெல்லாம் ஆற்றில் குளித்தால் வராது.

மூணாவது_அட்டெம்ப்ட்
ஒரு சந்தேகம். 'விடுவது' என்று எல்லோரும் எதைச் சொல்கிறீர்கள்? புத்தகத்தைத் தொடவே கூடாது என்பதா, கடைசியில் படிப்பது என்பதா, இல்லை பெரிய கணக்கை மட்டும் விட்டுவிட்டு எம்.சி.க்யூ.வுக்கு வேண்டியதைப் பார்ப்பதா?

பேட்டை_லெட்ஜர்
விடுவது என்றால் விடுவதுதான். அகராதி எழுதவா வந்தீர்? முதல் கேள்வி கட்டாயம் என்பதற்குப் பதில் சொல்லும்.

அம்பை_அப்பளம்
நான் கேட்கிறேன், கன்சாலிடேஷன் முதல் கேள்வியில் எந்த அட்டெம்ப்டில் வந்தது? மாதம், வருஷம் சொல்லுங்கள்.

பேட்டை_லெட்ஜர்
இன்ஸ்டிடியூட் வெளியிடுகிற மாதிரி விடையான சஜெஸ்டட் ஆன்ஸரைப் போய்ப் பாரும்.

அம்பை_அப்பளம்
பார்க்கிறேன், எந்த மாதம்?

பேட்டை_லெட்ஜர்
எல்லாவற்றையும் நானே ஊட்டிவிட வேண்டுமா? வரலாம் என்றுதான் சொல்கிறேன். வராது என்று எந்த வாத்தியார் எழுதித் தருவார்?

சங்கரன்கோவில்_சேலரி
நான் போன தடவை விட்டவன்தான், கேளுங்கள். மேலே ரெண்டு பேரும் சொன்ன மாதிரி நடக்கவில்லை, வேறு மாதிரி மாட்டினேன். சாய்ஸில் விடலாம் என்று கன்சாலிடேஷனை விட்டாச்சு. ஒன்றே முக்காலுக்கு, வாசிக்கக் கொடுக்கிற அந்தப் பதினைந்து நிமிஷத்தில், பேப்பரைப் புரட்டினேன். கன்சாலிடேஷன் ஒரு கேள்வியில் உட்கார்ந்திருக்கிறது, சரி, அதை விட்டாச்சு. அடுத்த கேள்வி ஷேர் பேஸ்டு பேமென்ட், சம்பளம் போலப் பங்கு கொடுக்கிற கணக்கு. அதைப் பாதிதான் படித்திருந்தேன். இப்போது எனக்குச் சாய்ஸே இல்லை! மூணு மணி நேரமும் அந்தப் பாதியோடு மல்லுக்கட்டினேன். 39 வந்தது. ஆடிட்டில் 61, நிதி மேலாண்மைப் பேப்பரான ஏ.எஃப்.எம்-இல் 58. கூட்டினால் 158, பாதிக்கு மேல். ஆனாலும் ஒரு பேப்பரில் 40 இல்லையே, குரூப் போச்சு. அந்த 61-க்கு, அந்தப் பேப்பரை மறுபடி எழுத வேண்டாம் என்ற எக்ஸெம்ப்ஷன் கிடைத்தது, அதுதான் ஆறுதல்.

பேட்டை_லெட்ஜர்
பார்த்தீரா? முதல் கேள்வி!

சங்கரன்கோவில்_சேலரி
அண்ணாச்சி, எனக்கு வந்தது முதல் கேள்வியில் இல்லை என்றுதானே சொன்னேன்.

பேட்டை_லெட்ஜர்
உமக்கு வரவில்லை, சரி. அடுத்தவருக்கு வரும்.

அம்பை_அப்பளம்
சேலரி அண்ணன் கதையில் பழி ஷேர் பேஸ்டு பேமென்ட் மேல்தான், கன்சாலிடேஷன் மேல் இல்லை. அதையும் முழுசாகப் படித்திருந்தால் 39 எங்கே வரும்? என் வாதம் அப்படியே நிற்கிறது.

தச்சநல்லூர்_டாலி
நிற்கவில்லை, படுத்துவிட்டது. கன்சாலிடேஷன் என்பது ஒரு சாப்டர் இல்லை அம்மா. உள்ளே போனால் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஒரு சின்ன உதாரணம் தருகிறேன். ஒரு கம்பெனியில் எண்பது சதவீதம் வாங்குகிறீர்கள். அதன் மெஷினுக்குப் புத்தகத்தில் 10 லட்சம், நியாய மதிப்பு 16 லட்சம். ஆறு லட்சத்தைக் கூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால் வரிக்கான இன்ட் ஏ.எஸ். 12 வாசலில் நிற்கும். வரி முப்பது சதவீதம் என்றால் 1.80 லட்சம் டெஃபர்டு டாக்ஸ், பின்னால் கட்ட வேண்டிய வரி. அதை மறந்தால் குட்வில் 1.80 குறைந்துபோகும். அப்புறம் பாலன்ஸ் ஷீட் ஒட்டினாலும் விடை தப்புதானே?

பேட்டை_லெட்ஜர்
1.44.

தச்சநல்லூர்_டாலி
என்ன 1.44?

பேட்டை_லெட்ஜர்
குறைவது 1.44. எண்பது சதவீதம்தானே வாங்கினீர்? 1.80-இல் எண்பது சதவீதம் 1.44. என்.சி.ஐ. என்று பெயர் மட்டும் மாற்றத் தெரிகிறது, பங்கு பிரிக்கத் தெரியவில்லை.

தச்சநல்லூர்_டாலி
1.80தான். முழு குட்வில்.

பேட்டை_லெட்ஜர்
1.44.

மூணாவது_அட்டெம்ப்ட்
ரெண்டும் சரி. என்.சி.ஐ.யை நியாய மதிப்பில் அளந்தால் 1.80. நிகர சொத்தில் அவர்கள் பங்கு அளவுக்கு மட்டும் அளந்தால் 1.44. இன்ட் ஏ.எஸ். 103-இல் ரெண்டுக்கும் இடம் உண்டு. எது என்று கணக்கிலேயே போட்டிருப்பார்கள்.

பேட்டை_லெட்ஜர்
டாலி கணக்கில் போடவில்லையே? போடாவிட்டால் 1.44.

தச்சநல்லூர்_டாலி
போடாவிட்டால் 1.80. ஏன் 1.44 என்று சொல்ல உங்களுக்கு 2011-ஐத் தவிர என்ன ஆதாரம்?

அம்பை_அப்பளம்
பார்த்தீர்களா, படித்து முடித்த ரெண்டு பேர் அரை மணி நேரமாக ஒரே கணக்கில் அடித்துக்கொள்கிறார்கள். இதைத்தான் அந்த வாத்தியார் விடச் சொன்னார். அந்த நேரத்தில் நான் புரொஃபஷனல் எதிக்ஸில் ஒரு ஷெட்யூலை முடித்துவிட்டேன்.

பேட்டை_லெட்ஜர்
எந்த ஷெட்யூல்? கிளாஸ் 6 எதைப் பற்றி?

அம்பை_அப்பளம்
முதல் ஷெட்யூல், முதல் பாகம், வேலை கேட்டு விளம்பரமாகவோ கடிதமாகவோ ஆள் பிடிக்கக் கூடாது என்பது. எனக்கு வைவாவா வைக்கிறீர்கள்?

பேட்டை_லெட்ஜர்
தங்கச்சி, நல்ல பதில். ஆனால் எதிக்ஸைப் படித்து எஃப்.ஆர். பாஸாகாது.

அம்பை_அப்பளம்
தங்கச்சி என்று கூப்பிட்டால் மட்டும் தப்பு சரியாகிவிடாது அண்ணாச்சி. எந்த அட்டெம்ப்ட்? மாதம்?

சங்கரன்கோவில்_சேலரி
டாலி, பேச்சோடு பேச்சாக ஒன்று. போன வருஷம் என் ஆடிட் நோட்ஸை வாங்கிப் போனீரே, அந்த எஸ்.ஏ., அதாவது ஆடிட் தரநிலைச் சுருக்கம், பச்சை மை. எப்போது வரும்?

தச்சநல்லூர்_டாலி
அது வெள்ளத்தில் போச்சு என்று அப்போதே சொன்னேனே.

சங்கரன்கோவில்_சேலரி
வெள்ளம் 2023 டிசம்பரில். நீர் வாங்கினது அதற்கு ஆறு மாசம் கழித்து. அதுவும் போகட்டும், உமக்கு வீடு மூணாவது மாடி.

பேட்டை_லெட்ஜர்
ஹா! முழு குட்வில் என்றால் இதுதான். என்.சி.ஐ.க்கும் பங்கு கொடுக்கவில்லை.

தச்சநல்லூர்_டாலி
பரணில் வைத்திருந்தேன், கரையான். நான் என்ன திருடனா? இப்போது இதுதான் பிரச்சினையா? பரீட்சையைப் பற்றிப் பேசுவோம்.

சங்கரன்கோவில்_சேலரி
ஒரு தடவை வெள்ளம், ஒரு தடவை கரையான். ஆடிட்டில் முரண்பட்ட சாட்சியம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த நோட்ஸில்தான் எழுதியிருந்தேன்.

பேட்டை_லெட்ஜர்
சரி, கேளுங்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன், யாரும் குறுக்கே பேசாதீர்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் காற்றாடிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி உண்டு. அதைப் பிடிக்க வாசல் திறக்கும் முன்னே நிற்பேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து முதலில் போடுவது கன்சாலிடேஷன்தான். ஏன்? காலையில் மண்டை தெளிவாக இருக்கும். தியரியைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கணக்கு ஒட்டவில்லையென்றால் சாப்பிடப் போக மாட்டேன். ஒரு தடவை வெறும் 400 ரூபாய் வித்தியாசம். இன்டர் கம்பெனி ஸ்டாக்கில் லாபத்தைக் கழிக்கும்போது ஒரு இலக்கம் தப்பாக இருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது வெளியே இருட்டிவிட்டது. நூலகத்தில் வாட்ச்மேன்தான் சொன்னார், 'ஏல, வீட்டுக்குப் போகலையா' என்று. இப்படிப் படித்தவனிடம் வந்து சி கேட்டகரி என்கிறார்கள். எவன் வாயைத் திறந்தாலும் சாய்ஸ், சாய்ஸ். முதல் கேள்வி கட்டாயம்.

அம்பை_அப்பளம்
நானூறு ரூபாய்க்கு ஒரு நாள் போச்சு. நீங்களே என் பக்கம் சாட்சி சொல்கிறீர்கள்.

பேட்டை_லெட்ஜர்
ஒரு நாள் போகவில்லை, ஒரு நாள் வந்தது.

மூணாவது_அட்டெம்ப்ட்
எம்.சி.க்யூ.வுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது. கன்சாலிடேஷனில் கான்செப்டை மட்டும் ரெண்டு நாள் பார்த்தால் அங்கே கொஞ்சம் தேறும், பெரிய கணக்கை அப்புறம் யோசிக்கலாம். யாராவது இதற்குப் பதில் சொல்வீர்களா?

தச்சநல்லூர்_டாலி
லெட்ஜர் அண்ணாச்சி, அந்த 400-ஐயும் நீங்கள் எண்பது சதவீதம்தான் கழித்திருப்பீர்கள், அதனால்தான் ஒட்டவில்லை.

பேட்டை_லெட்ஜர்
முதலில் நோட்ஸைத் திருப்பிக் கொடும், அப்புறம் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடும்.

ஆர்ட்டிகிள்_பையன்
வணக்கம். டாலி அண்ணாச்சி சொன்ன ஆர்ட்டிகிள் தம்பி நான்தான். ஒரு சின்னத் திருத்தம். நான் கன்சாலிடேஷனை உருவவில்லை, அது பத்திரமாக இருக்கிறது. நான் எடுத்தது லீஸ் சாப்டர். எண்ணெய் ஒற்ற இல்லை, பஸ்ஸில் படிக்க.

அம்பை_அப்பளம்
டாலி அண்ணாச்சி, ஆரம்பமே தப்பா?

தச்சநல்லூர்_டாலி
அவன் மேஜையில் உருவின தாள் கிடந்தது, நான் தலைப்பைப் பார்க்கவில்லை. சாட்சியம் போதவில்லை, அவ்வளவுதான். கொள்கை சரி.

பேட்டை_லெட்ஜர்
லீஸையா தனியாக எடுத்தாய்? இன்ட் ஏ.எஸ். 116-ஐயா? பஸ்ஸில் போட்டுவிட்டு வந்தால் என்ன செய்வாய் தம்பி, முதல் கேள்வியில் லீஸ் வந்தால்?

அம்பை_அப்பளம்
எந்த அட்டெம்ப்டில்?